இரண்டு பேர் சொன்னால்தான் செய்தி

கதவைப் பார்த்த நாற்காலி கிடைக்கும்வரை எடிட்டர் உட்கார மாட்டார். சலவைக்கூடத்தின் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் இது தெரியும். யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். "உக்காருங்க எடிட்டர், போலீஸ் வந்தா நாங்க சொல்றோம்" என்பார் இஸ்திரிக்காரம்மா. எடிட்டர் சிரிப்பார், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடிப்பது இப்போதைய உத்தியோகம். சொந்த நாட்டில் ஒரு நாளிதழின் ஆசிரியர். இடிந்து விழுந்த பாலத்தில் அமைச்சரின் மைத்துனர் சிமெண்டு என்று எதைப் போட்டார் என எழுதினார். பாலம் விழுந்ததற்கு ஒருவரும் உள்ளே போகவில்லை. எழுதியதற்கு இரண்டு நிருபர்கள் போனார்கள். இவர் எல்லை தாண்டினார். கூடவே வந்தது பழக்கம் ஒன்றுதான்: எதையும் இரண்டு பேர் சொன்னால்தான் நம்புவார்.

"மணி ஒண்ணாச்சு எடிட்டர். சுவர்க் கடிகாரமும் சொல்லுது, என் வாட்சும் சொல்லுது. சாப்பிடப் போலாமா?" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள்.

போன மழைக்காலத்தில் ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டாள். "அப்பாவுக்கு முடியலடா. உன் முகத்தப் பாத்துப் பேசணும்ங்கிறாரு. வீடியோவப் போடு."

தப்பி வந்த இன்னொரு நிருபரை இப்படித்தான் பிடித்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வீடியோ அழைப்பு. அவர் முதுகுக்குப் பின்னால் தெரிந்த ஜன்னலே முகவரி சொல்லிவிட்டது. அக்காவின் குரலும் அன்று எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல் இருந்தது. அழுகையை அடக்கினாலும் குரல் அப்படித்தான் இருக்கும் என்பது, பிறர் பேச்சைக் கேட்டே பிழைத்த மனிதருக்குத் தோன்றவில்லை.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"அப்பாதான்டா இருக்காரு!"

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்."

டாக்டரைப் பிடிப்பதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. செய்தி உண்மைதான் என்றார். அதற்குள் பக்கவாதம் அப்பாவின் பேச்சைக் கொண்டுபோயிருந்தது. விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருந்தது.

இப்போது ஞாயிறுதோறும் மதிய இடைவேளையில், வெறும் சுவரில் சாய்ந்துகொண்டு வீடியோவில் வருகிறார். அப்பாவின் உதடு அசையும், சத்தம் வராது. அன்றைக்கு என்ன பேச இருந்தார் என்று இவர் ஒவ்வொரு வாரமும் கேட்பார். "எனக்கென்னடா தெரியும்" என்பாள் அக்கா. சென்ற ஞாயிறு அவளுக்கே பொறுக்கவில்லை.

"சாப்பிட்டியான்னு கேக்கத்தான்டா இருந்தாரு. வேற என்ன கேட்டிருக்காரு உன்ன, இத்தன வருஷத்துல?"

எடிட்டர் மதிய டப்பாவைத் திறந்தார். ரொட்டியைப் பிய்த்து, அப்பாவின் கண்ணுக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு, வாயில் போட்டு மெதுவாக மெல்லத் தொடங்கினார்.