இருமாமல் பார்த்த யானை

எங்கள் கடலோர ஊரான நாரந்தனையில் பனங்கூடல் உண்டு, காடு கிடையாது. ஒரு பனைக்கும் மற்றப் பனைக்கும் நடுவில் கடல் தெரியும். அதனால் வில்பத்துக் காட்டை முதன்முதலில் பார்த்தபோது, இதற்கு அங்காலே கடல் எங்கே என்று கேட்டேன். எனக்கு ஏழு வயதிருக்கும்.

நாங்கள் போன லொறி மாமாவுடையது. அம்மாவின் தம்பி. கருவாடு ஏற்றி மன்னார்ப் பக்கம் ஓடுகிறவர். எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை. ஐயா, அம்மா, மாமா, நான், நாலு பேர்தான். காட்டுவழியே போய், தலவில் என்ற ஊரில் புனித அன்னம்மாள் கோவிலில் அம்மாவுக்காக ஒரு நேர்த்தி வைக்கவேண்டும். என்ன நேர்த்தி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. யானை பார்க்கப் போகிறோம் என்றார்கள். எனக்கு அது போதும்.

ஒரு வில்லுக்கரையில் தங்கினோம். அந்தப் பக்கத்தில் குளத்தை வில்லு என்பார்கள். ஐயா தன் மீன்பிடி வள்ளத்துப் பாயைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். விரலை நனைத்துக் காற்றுப் பார்த்து, அதைக் கூடாரமாக இழுத்துக் கட்டினார். மாமாவுக்குச் சிரிப்பு.

"அத்தான், உப்பிடிக் கட்டினா விடியக் காடும் சேர்ந்து கடலுக்கு வெளிக்கிட்டிடும்."

அம்மாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரமாயிற்று.

அன்று பின்னேரம் அக்கரையில் கொப்பு முறிகிற சத்தம். சாம்பல் நிறமாய் ஏதோ அசைந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா இருமினார். அசைந்தது திரும்பிப் போய்விட்டது.

எங்கள் ஆட்களுக்குத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வலை வளைக்கும்போது ஒருவரும் சத்தம் காட்டக்கூடாது. இருமல் வந்தாலும் விழுங்கவேண்டும். ஒருமுறை நான் தும்மிவிட்டு ஐயாவிடம் துடுப்பால் வாங்கியிருக்கிறேன். அந்தச் சட்டத்தை அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"மீன் வரேக்கை இருமினா ஐயா விடுவாரே? உங்கடை இருமலாலைதான் யானை போயிட்டுது."

ஐயா என்னை அடிக்கவில்லை. நன்றாக இருந்த பாய்க்கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அம்மாதான் சொன்னார்.

"சரி ராசா. நாளைக்கு இருமமாட்டன்."

மறுநாள் காலை பனி கலையும்போது யானை வந்தது, குட்டியோடு. தண்ணீரில் இறங்கிக் குட்டியின் முதுகில் நீரை ஊற்றியது. ஒரு காது எங்கள் பாயில் பாதி இருக்கும். போக மனமில்லாமல் நின்றது. பின்னால் நின்ற அம்மா என் தோளைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே வந்தது. சத்தம் மட்டும் இல்லை.

யானை போனபிறகுதான் திரும்பினேன். சேலைத்தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தார். கண்ணால் நீர் ஓடியது. தலைப்பை எடுத்தபோது அதில் சிவப்பு. வெற்றிலைச் சாறு என்றார். அம்மா வெற்றிலை போட்டு நான் கண்டதே இல்லை. ஆனாலும் கேட்கவில்லை. என் மனமெல்லாம் யானை.

நேர்த்தியை வைத்துவிட்டு ஊர் திரும்பியதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கதை சொன்னேன். அம்மா யானைக்குப் பயந்து அழுததை, சட்டையைக் கடித்து நடித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். குசினிக்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஓமடா, நல்லாப் பயந்திட்டன்."

பிறகு இருமத் தொடங்கினார்.

"இனி இருமுங்கோ அம்மா, இஞ்சை யானை இல்லை" என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தேன்.

மேற்கேயிருந்து கச்சான் காற்றுத் தொடங்கும்வரை இருமினார். அதற்குமேல் அம்மா இருக்கவில்லை.