தொப்புள்கொடி வழியே போன மருந்து

ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில், நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் கணவர் போன் செய்தார். "வசந்தகுமாரி டாக்டரம்மா தவறிட்டாங்களாம்" என்றார். விருத்தாசலத்தில் டாக்டரம்மாவிடம் பிள்ளை பெற்ற ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல ஒரு கதை இருக்கும். எங்கள் வீட்டுக் கதை இது.

எனக்கு அப்போது எட்டாம் மாதம். காலையிலிருந்தே காய்ச்சல். செராமிக் கம்பெனி வேலை முடிந்து வந்த கணவர், தனக்கு எப்போதோ வாங்கியதில் மீதியிருந்த மாத்திரையை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று நான் தள்ளிக்கொண்டிருந்தபோதே பனிக்குடம் உடைந்து நீர் கசியத் தொடங்கியது. மாத்திரை அட்டையோடு ஆட்டோவில் ஏறி டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா முதலில் அந்த அட்டையைத்தான் வாங்கிப் பார்த்தார். நான் விழுங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விட்டார். அது ஒரு வகை ஆன்டிபயாடிக், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும், வளரும் எலும்பிலும் பல்லிலும் தங்கும், கர்ப்பிணிக்கு ஆகாது என்று கணவரிடம் சொல்லிவிட்டு அட்டையைக் குப்பைக்கூடையில் எறிந்தார்.

பிறகு வயிற்றில் கருவியை வைத்தார். பிள்ளையின் இதயம் தறிகெட்ட வேகத்தில் அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. உள்ளே கிருமி ஏறியிருக்கிறது, உடனே ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். முந்தைய கர்ப்பம் பாதியில் கலைந்துபோனதிலிருந்து தலைவலிக்குக்கூட நான் மாத்திரை போட்டதில்லை. ஒரு மருந்தைக் குப்பையில் போட்டவர், அடுத்த நிமிஷமே இன்னொன்றை ஏற்ற வேண்டும் என்கிறார்.

"இதுவும் புள்ளைக்குப் போகுமாங்க?" என்று கேட்டேன்.

"போகும்" என்றார். "போகணும்னுதாம்மா போடுறேன். உள்ள இருக்குற புள்ளைக்கு நேரா ஊசி போட எனக்கு வழியில்ல. உன் ரத்தத்துல ஏத்தினாத்தான், நஞ்சுக்கொடியத் தாண்டி, தொப்புள்கொடி வழியா அதுக்குப் போய்ச் சேரும்."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்யச் சொன்னேன். அவர் செய்யவில்லை.

"இந்த மருந்த ரொம்ப காலமா கர்ப்பிணிங்களுக்குப் போடுறோம், அது தெரியும். போடாம விட்டா ரெண்டு பேருக்கும் ஆபத்து, அதுவும் தெரியும். தெரியாததுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

கையை நீட்டினேன்.

ஒவ்வாமை வருகிறதா என்று துளி மருந்தைத் தோலில் குத்திப் பார்த்துக் காத்திருந்த நேரம்தான் கொடுமை. வெளியே காத்திருந்த மற்றவர்களை நர்சுகளிடம் விட்டுவிட்டு டாக்டரம்மா என் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். மருந்து இறங்கத் தொடங்கிய பிறகும் அந்த இதயத் துடிப்பு உடனே அடங்கவில்லை. பிள்ளையை இனி உள்ளே விட்டுவைக்க முடியாது என்று வலி வர மருந்து கொடுத்தார்.

மறுநாள் காலையில் மகள் பிறந்தாள். அழுகை மெல்லியதாகத்தான் வந்தது. ஆம்புலன்ஸில் டாக்டரம்மாவே கூடப் போய், பெரிய ஆஸ்பத்திரியில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் சேர்த்தார். பிறப்பதற்கு முன்பே மருந்து உள்ளே போயிருந்தது நல்லதாயிற்று என்று அங்கிருந்த குழந்தை மருத்துவர் சொன்னாராம். அதன் பிறகு மருந்தை அவள் உடம்பிலேயே நேராக ஏற்றினார்கள். சில நாள் கழித்து நான் போய்ப் பார்த்தபோது, என் விரலைப் பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

போன வருஷம் விருத்தாசலம் ரயில் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் டாக்டரம்மாவைப் பார்த்தோம். உடம்பு மெலிந்திருந்தது. மகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அன்னிக்கு நீ கைய நீட்டுற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல" என்றார். அவருக்கும் பயம் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள், பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்துபோய் வந்து கேட்கும்போது, ஆறுதலுக்காக நான் எதையும் சொல்வதில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். பயம் அடங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டாக்டரம்மா எனக்கு விட்டுப்போனது அதைத்தான்.