மருந்து பாட்டிலும் டிராயிங் மாஸ்டரும்

போன வியாழக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் கழுவிக் காயவைத்த வெறும் பாட்டில் ஒன்று.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவன் பாட்டில் இல்லாமல் போவானா? மிக்ஸ்சர் மருந்தை எதில் வாங்குவது, உள்ளங்கையிலா? வயிற்றுவலி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். மனைவி பாட்டிலுக்குப் பொருத்தமாக ஒரு கார்க்கும் தேடிக் கொடுத்து, "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு கேட்டுட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினாள்.

வயிற்றுவலியாவது ஒன்றாவது! மூன்று மாதமாக எனக்குக் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே கை வியர்த்து, இந்த நிமிஷம் செத்துப்போவேன் என்று தோன்றும். நம்ம ஊர் டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார். "நெஞ்சுல ஒண்ணுமில்ல. மதுரையில மனசுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் ஒருத்தர் வியாழக்கிழமை உக்காருறாரு. போய்ப் பேசிட்டு வாங்க" என்றார்.

மனசுக்கு வைத்தியமா... எனக்கா?

பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் அதிர்ச்சி புரியும். ஆறு மாதத்துக்கு முன்னால் இதே இடத்தில், இதே டாக்டரிடம் போய்வந்த ஒருவரைக் கிண்டல் செய்திருந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நம்ம ஊர்ப் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். டீக்கடையில் காதில் விழுந்த சங்கதி. 'வெறும் பாட்டிலோடு போனார், வெறும் பாட்டிலோடு வந்தார். பேசுவதற்கு மதுரைக்குப் போவானேன்? நம்ம டீக்கடை பெஞ்சு போதாதா?' என்று எழுதினேன். பெயர் போடவில்லை. போட்டுத்தான் தெரியவேண்டுமா என்ன? சிரித்து வயிறு புண்ணாகிவிட்டதாக உங்களில் பலர் கடிதம் போட்டீர்கள். அவற்றை ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தேன். இப்போது அதைப் பார்க்கவே கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் அந்த அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. வெளியே ஒரு நீளப் பெஞ்சு. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று துண்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தேன்.

டிராயிங் மாஸ்டர்!

பூமி பிளந்திருந்தால் குதித்திருப்பேன். பிளக்கவில்லை.

"வாங்க சார்" என்றார். என் பையிலிருந்து பாட்டிலின் கழுத்து நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். சிரித்திருந்தால் எனக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை.

"இங்க மிக்ஸ்சர் குடுக்க மாட்டாக. மொத நாளு நானும் இப்பிடித்தான் கொண்டாந்தேன்."

எனக்குத் தெரியாதா? ஊருக்கே சொன்னவன் நான்தானே! தெரிந்திருந்தும், மனைவி பாட்டிலை நீட்டியபோது வாங்கிக்கொண்டேன். பொய்க்கு ஒரு சாட்சி வேண்டுமே.

"மொத தடவைன்னா பயமாத்தான் இருக்கும்" என்று அவரே தொடர்ந்தார். "பேரு, ஊரு, தூக்கம், சாப்பாடு எல்லாம் கேப்பாரு. அப்பறம் அவரு பேசமாட்டாரு. தூங்கிட்டாரோன்னு இருக்கும். தூங்கல சார், நாம பேசணும்னு காத்திருக்காரு. அழுகை வந்தா அடக்காதீக. ஒரே நாள்ல சரியாகும்னும் நெனைக்காதீக. எனக்கே இப்பத்தான் கொஞ்சங் கொஞ்சமா தூக்கம் வருது."

ஒருவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு கேட்ட முதல் புத்திமதி இதுதான்.

அவர் உள்ளே போய்வந்தார். அடுத்து நான்.

அவர் சொன்னபடியே நடந்தது. தூக்கம் கேட்டார் டாக்டர், சாப்பாடு கேட்டார், பிறகு சும்மா இருந்தார். வாரா வாரம் ஒரு பக்கத்தை நிரப்புகிறவன் நான் — ஒரு வார்த்தை வரவில்லை! கடைசியில் வந்தது படபடப்பைப் பற்றி இல்லை. "ஒரு மனுசரை ஊர் சிரிக்க வச்சுப்புட்டேன் சார். அவரு வெளிய உக்காந்திருக்காரு" என்றேன். சொல்லிவிட்டு, நாற்பத்தாறு வயசில், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன்.

அதற்கும் படபடப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டேன். "தெரியலையே. பாப்போம். அடுத்த வியாழக்கிழமை வாங்க" என்றார் டாக்டர். அவ்வளவுதான் வைத்தியம்.

திரும்பும் பஸ்ஸில் மாஸ்டர் பக்கத்தில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். வாடிப்பட்டி தாண்டித்தான் எனக்கு வாய் திறந்தது. "என்னை மன்னிச்சிருங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எம் மகளைப் பொண்ணு பாத்துட்டுப் போனவுக, வெத்தல பாக்கு மாத்தத் தேதி குறிச்சிருந்தாக. ஒங்க எழுத்தைப் படிச்சிட்டு, பைத்தியக்காரக் குடும்பம் வேணாம்னு ஆள்விட்டுச் சொல்லிட்டாக."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம். நான் எழுதிய ஒரு பக்கம் ஒரு வீட்டுக்குள் போய் இப்படி உட்கார்ந்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. மன்னிப்பு என்ற வார்த்தையை மறுபடி சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டில் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். மனைவி பாட்டிலை வாங்கி அலமாரியில் வைத்தாள். "இதுக்கா பொய் சொன்னீக? அடுத்த வாரமும் போகணுமா? சோறு கட்டித் தாரேன்" என்றாள்.

எழுத்தால் கெடுத்ததை எழுத்தால் சரிசெய்ய முடியுமா? தெரியவில்லை. ஆனால் மனசு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் பைத்தியக்காரர்கள் என்றால், அந்தப் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் மேலேயே அச்சாகியிருக்கிறது.

இந்த முறை எழுதியதை, அச்சுக்கு அனுப்புமுன், எடுத்துக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். முழுக்கப் படித்தார். "எம் மக விசயம் அப்பிடியே இருக்கட்டும், அடிக்க வேணாம். கேட்டா அவளே எழுதச் சொல்லுவா" என்றார். பேனாவை வாங்கி இரண்டே திருத்தம் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர் என்று எழுதியிருந்தேன், அதை அடித்தார். அவரை 'என் நண்பர்' என்று எழுதியிருந்தேன், அதையும் அடித்தார்.

"அதுக்கு இன்னும் கொஞ்ச நாளாகட்டும் சார்."