பெருவிரல் தேய்த்த இடம்

மாடிப்படிக்கு அடியில் ஆறடிக்கு நாலடி இடம். ஒரு மேசை, பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, பழைய போன்கள் நிரம்பி வழியும் டப்பாக்கள். அதுதான் டாக்டரம்மாவின் கடை. அவள் டாக்டருக்கெல்லாம் படித்தவள் இல்லை, போன் ரிப்பேர் செய்கிறவள். கையில் கொடுத்த போனை விளக்குக்கு நேரே சாய்த்து, கண்ணாடியில் வாயால் ஊதிப் பார்த்துவிட்டு, "குளிக்கிற இடத்துக்கும் தூக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்பாள். வந்தவர் அசடு வழிவார். அந்தப் பெயர் அப்படி வந்தது.

சந்தேகம் அவளோடு கூடவே பிறந்தது. தராசு முள் நிற்கும்வரை கண்ணை எடுக்கமாட்டாள். கட்டிய கணவர் தும்மினால்கூட, ஜலதோஷமா நடிப்பா என்று ஒரு தரம் யோசிப்பாள். அவர் லிஃப்ட் மெக்கானிக், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவளைப் "போலீஸ்காரி" என்று கூப்பிட்டே இருபது வருஷத்தை ஓட்டிவிட்டார். ரிப்பேர் தொழிலுக்கு அவள் குணம் ரொம்ப நல்ல குணம்தான். வீட்டுக்கு எப்படி என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஆன்லைன் சூதாட்டம் சட்டப்படி சரி என்று ஆகிவிட்டது. வயது வந்த யாரும் தன் போனில் தன் இஷ்டத்துக்கு ஆடலாம், அது அவர் உரிமை, யாரும் தடுக்கக்கூடாது. கூடவே ஒரு விலக்குப் படிவமும் வைத்தார்கள். ஆடுகிறவரே அதில் கையெழுத்துப் போட்டு, அலுவலகத்தில் ஒரு ஆள் முன்னால் "என்னால் என்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று சத்தமாகப் படித்துக் கொடுத்தால், ஐந்து வருஷத்துக்கு எந்தத் தளமும் அவரை உள்ளே விடாது. நடுவில் மனசு மாறினாலும் திரும்ப வாங்க முடியாது. பெண்டாட்டி கொடுத்தால் செல்லாது, பெற்றவள் கொடுத்தாலும் செல்லாது.

டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பைத்தியம் பிடித்தவனிடமே போய், உனக்குப் பைத்தியம் என்று எழுதிக்கொடு என்று கேட்கிறார்களாம், இதற்கு ஒரு சட்டமாம்! இந்த வருஷம் சட்டத்தைப் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். உடனே கடை மேசையில் ஒரு தாளை ஒட்டி, இந்த உரிமை வேண்டாம் என்று எழுதி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையெழுத்து வாங்க ஆரம்பித்தாள். முதல் கையெழுத்து அவள் தம்பியுடையது. பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை, உலகத்தில் அவள் சந்தேகப்படாத ஒரே ஜீவன்.

கணவர் மட்டும் போடமாட்டேன் என்றார். தான் செய்யாததை அடுத்தவனும் செய்யக்கூடாது என்று தடுப்பது சரியில்லை, அவனவனுக்கு அறிவு இருக்கிறது, ஆளுக்கொரு போலீஸ் வைக்க முடியாது என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. இவருக்கு எதற்கு இதில் இத்தனை அக்கறை? அன்றைக்கே அவளுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் போனின் மேல் ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி விரிசல் விட்டது. அதைப் பிய்த்தெடுத்துவிட்டு, பழக்க தோஷத்தில் திரையில் ஊதினாள். எல்லா இடத்திலும் மூச்சு சீராகப் படர்ந்தது. வலது கீழ் மூலையில் மட்டும், ஒரு பெருவிரல் அகலத்துக்குத் திட்டாக நின்றது. கண்ணாடியின் மேல்பூச்சு தேய்ந்திருந்தால்தான் அப்படி நிற்கும். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை குத்தினால்தான் பூச்சு தேயும். சூதாட்டத் தளங்களில் 'சுற்று' என்கிற பொத்தான் அந்த மூலையில்தான் இருக்கிறது. இந்தத் திட்டை வைத்தே எத்தனையோ பேரை அவள் கண்டுபிடித்திருக்கிறாள், ஒன்றுகூடத் தப்பானதில்லை.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்தார், குற்றம். மாடிக்குப் போய்ப் பேசினார், குற்றம். போனைத் திறந்து தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டார், அது அதைவிடப் பெரிய குற்றம். கேட்டாள். இல்லை என்றார். மறுபடி கேட்டாள். இல்லவே இல்லை என்றார். மூன்றாம் தடவை, பக்கத்து அறையில் காலேஜ் பாடம் படித்துக்கொண்டிருந்த மகள் காதில் விழும்படியே கேட்டாள்.

"நான் ஆடலம்மா," என்றார் அவர்.

"மனுஷன் பொய் சொல்லுவான். கண்ணாடி சொல்லாது."

ஒரு மாதம் வீட்டில் பேச்சே இல்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. ஒரு நாள் காலையில், அவள் மேசையில் போட்டு வைத்திருந்த விலக்குப் படிவத்தை அவர் எடுத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தார். கையெழுத்துப் போட்டார். இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனார்கள். அவர் மகள் வயதில் ஒரு பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால், "என்னால் என்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று நிறுத்தி நிதானமாகப் படித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மா நிம்மதியாக மூச்சு விட்டாள். வெளியே வரும்போது, எப்படியோ ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் போனின் பேட்டரி உப்பிவிட்டது. கடையில் வைத்துச் சூடுகாட்டித் திரையைக் கழற்றிக் கவிழ்த்தாள். திரையின் பின்பக்கம் அவள் கையெழுத்திலேயே ஒரு சொல் இருந்தது: தம்பி.

பழைய போனிலிருந்து எடுக்கும் எதிலும், யாருடையது என்று பின்னால் மார்க்கரில் எழுதி வைப்பது அவள் வழக்கம். எட்டு மாதத்துக்கு முன் கணவரின் போன் லிஃப்ட் குழியில் விழுந்து திரை நொறுங்கியது. அதே கம்பெனி, அதே மாடல் போனைத் தம்பி அவள் கடையில் தூக்கிப் போட்டிருந்தான். அதிலிருந்த திரையை எடுத்து, கடையில் கூட்டம் நெரித்த நேரத்தில் அவசரமாகப் பொருத்தி, மேலே பாதுகாப்புக் கண்ணாடியையும் ஒட்டிக் கொடுத்தவள் அவள்தான். சுத்தமாக மறந்துபோனாள். மேலே கண்ணாடி ஒட்டிய திரையில் கணவரின் விரல் படவே வழியில்லை, அந்தத் தேய்மானம் தம்பியுடையது. ஊரான் போனையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கிறவளுக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

கடையைப் பாதியில் சாத்திவிட்டு, புதுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். தம்பியைப் பின்பக்க அறைக்கு அழைத்து, தேய்ந்த மூலையைக் காட்டித் திரையை நீட்டினாள். அவன் அந்த மூலையைப் பெருவிரலால் தடவிப் பார்த்தான். மறுக்கவில்லை. இப்போதும்தான் ஆடுகிறேன் என்றான்.

"அப்ப என் தாள்ல எதுக்குடா முதல் ஆளா கையெழுத்துப் போட்டே?"

"அரசாங்கமே இழுத்து மூடிட்டா நல்லாருக்கும்னுதான்கா. நானா மூட முடியலயே."

படிவத்தை மருந்துப் பெட்டியின் மேல் விரித்துப் பேனாவையும் வைத்தாள். அவன் பேனாவை எடுத்தான். மூடியைத் திறந்தான். படிவத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"ஒரே ஒரு வாரம்கா. அப்புறம் நானே வந்து போடுறேன். நீ கட்டாயப்படுத்த முடியாது, சட்டமே அப்படித்தான்."

வீட்டில் கணவர் தண்ணீர்க் குழாயைக் கழற்றிப் போட்டு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். திரையை அவர் முன் வைத்து, நடந்ததெல்லாம் சொன்னாள். அவர் பின்பக்க எழுத்தைப் படித்துவிட்டு, "பாவம், அவனா," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ஆடவே இல்லைன்னா எதுக்குங்க அந்தப் பொண்ணு முன்னாடி அப்படிப் படிச்சீங்க?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு தடவை இல்லைன்னு சொன்னேன். நீ நம்பல. ஆமான்னு சொன்னாத்தான் நீ நம்புவேன்னு தெரிஞ்சுது. வீட்ல பேச்சு வேணும்ல."

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். இருபது வருஷத்தில் அவர் முன்னால் அப்படி அழுததில்லை. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் தோளைத் தொட்டார். அந்த அழுகைக்கு நடுவிலும், ஆடாத மனிதன் ஒரு தடுமாற்றம்கூட இல்லாமல் அந்தப் படிவத்தை எப்படிப் படித்தான் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. சீ, நான் ஒரு மனுஷியா என்று தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது அவளுக்கு. ஆனால் அந்த நினைப்பு போகவில்லை.