மிஞ்சிய சுண்டுவிரல்

என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி. அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கல்யாண வயதில் கண்ணும் போயிற்று. இளையவளை எல்லோரும் இஸ்திரிக்காரி என்றே கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் போன பிறகு மூத்தவளுக்கு மிஞ்சியது தங்கையின் கைதான்.

மூத்தவள் பேசுவதே அந்தக் கையில்தான். கட்டைவிரலை அமுக்கினால் பசி, ஆள்காட்டி விரல் என்றால் தாகம். நடுவிரலைப் பற்றிக்கொண்டால், பயமாக இருக்கிறது, பக்கத்தில் படு. சுண்டுவிரலை வெடுக்கென்று இழுத்தால் காய், உன்னோடு பேச மாட்டேன்.

"நீங்க சண்டை போட்டா பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேக்காதேடி!" என்று கேலி செய்வேன்.

"கேட்டா நீங்க பஞ்சாயத்துக்கு வந்துருவீங்களேக்கா" என்பாள் இளையவள்.

கடையில் கனத்த இஸ்திரிப் பெட்டியை நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி, அவளுடைய இரண்டு கையும் மரத்துப்போயின. வலியில் பாதித் தூக்கத்தில் எழுந்து கையை உதறுவாள். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அக்கா தொட்டது தெரியாமல் போனதும்தான் அழுதாள். நான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்று டாக்டர் இரண்டு மணிக்கட்டிலும் ஸ்டீராய்டு ஊசி போட்டார்.

"வீக்கம் வத்தும், நரம்புக்கு இடம் கிடைக்கும். ஆனா கொஞ்ச காலத்துக்குத்தாம்மா. திரும்ப மரத்துச்சுன்னா ஆபரேஷன்தான். தள்ளிப்போடாதீங்க."

சில நாளில் ஓடி வந்தாள். "அக்கா, நேத்து அவ கட்டைவிரல அமுக்குனா, நகம் வெட்டாததுகூடத் தெரிஞ்சுது!" அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுபடி கடையில் போய் நின்றாள்.

வருஷம் திரும்புவதற்குள் வலியும் மரப்பும் திரும்பி வந்தன. கட்டுப் போட்ட கையைத் தொட்டால் அக்கா மிரண்டுவிடுவாள் என்று ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள். அப்புறம் வலி தானாக நின்றது.

"ஊசி இப்பதான் முழுசா வேலை செய்யுது போலக்கா" என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் என்னோடு சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூத்தவளின் முகமெல்லாம் கண்ணீர்.

"அடியே, அவ உன் நடுவிரலப் புடிச்சிருக்கா!"

குனிந்து பார்த்தாள். அக்கா இறுக்கிய இறுக்கில் விரல் வெளுத்திருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

டாக்டர் கட்டைவிரலடியில் சதை குழிந்திருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "வலி போனது குணமானதால இல்லம்மா. நரம்பு செத்துட்டு வருது." இரண்டு கைக்கும் அடுத்தடுத்து ஆபரேஷன் ஆயிற்று. உணர்ச்சி வரவில்லை. சுண்டுவிரலுக்கு வேறு நரம்பாம். அது மட்டும் தப்பித்தது.

இனி இந்த விரலில் பேசு என்பதுபோல், இளையவள் அக்காவின் கையை எடுத்துத் தன் சுண்டுவிரலில் வைத்தாள். தங்கை காய் விடுகிறாள் என்று நினைத்து மூத்தவள் கையை உதறிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். எத்தனையோ நாள் இப்படியே நடந்தது.

பிறகு ஒரு நாள் தானாகவே சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தாள். இழுக்கவில்லை. எதற்கென்று இளையவளுக்குத் தெரியவில்லை. சோறு ஊட்டினாள், வாய் திறக்கவில்லை. தண்ணீர் கொடுத்தாள், தள்ளிவிட்டாள். கடைசியில் பக்கத்தில் படுத்தாள். அப்போதுதான் பிடி தளர்ந்தது.