ஞானமுத்து சார் பக்கத்தில் அந்த முகம்

ஞானமுத்து சார் போய்விட்டார் என்று விடிந்ததும் நம் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. திருமுல்லைவாயிலுக்கு ஓடினேன். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கண்ணீர் அஞ்சலிக்குக் கீழே சார். அவர் தலைக்கு மேலே, தலைவர் படம் போடும் இடத்தில், வாயில் சுருட்டும் தூக்கிய இரண்டு விரலுமாக அந்த இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் பிரதமர்!

சாரோடு வரலாறு நடத்திய நமக்குத் தெரியும், அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார். ஒருமுறை பேச்சுப்போட்டியில் ஒரு மாணவி அந்த ஆளை வானளாவப் புகழ்ந்தாள். நடுவரான சார் அவளுக்கே முதல் பரிசு கொடுத்துவிட்டு மைக்கை வாங்கினார்.

"ஹிட்லரை எதிர்த்து நின்னாரு, நல்லது. அடுத்த வரியையும் சொல்லணும்மா. வங்காளத்துல ஜனங்க பட்டினியில செத்தாங்க. தானியத்துக்குக் கப்பல் கேட்டா, கேட்ட அளவு தரல. செத்த ஜனங்களையே பழிச்சாரு."

"விழாவுல இதெல்லாம் எதுக்கு சார்?" என்றார் தலைமையாசிரியர்.

"பசி நேரம் பாத்தா வருது?" என்றார் சார்.

பேனர் வைத்தவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர், மதுரையிலிருந்து வந்த ஐ.டி. இளைஞர். "வாக்கிங்ல எப்பவும் இவரப் பத்தித்தான் பேசுவாரு சார். பிடிச்ச தலைவர்னு நெனச்சேன்" என்றார். கூடவே நடந்து கேட்ட லட்சணம் இது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் சாரின் மனைவி எஸ்தர் அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். "அந்த மூஞ்சி அங்க கீற வரைக்கும் பொட்டி ஊட்ட உட்டு வராது."

"ஒரு படத்துக்காக அடக்கத்த நிறுத்தலாமாம்மா?" என்றார் போதகர்.

"அவரால இனிமே வாயத் தொறந்து சொல்ல முடியாது ஐயரே. நான்தான் சொல்லணும்."

நாற்காலி போட்டு ஏறி, பிளேடால் நானே அந்த முகத்தை அறுத்தெடுத்தேன். பிறகுதான் பெட்டி வெளியே வந்தது. ஓட்டையில் ஏசுநாதர் படம் ஒட்டட்டுமா என்று செயலாளர் கேட்டார். "சும்மா உடு நைனா, ஓட்டை அப்டியே இருக்கட்டும்" என்றார் அக்கா.

கல்லறையில் என்னைப் பேசச் சொன்னார்கள். சார் சாந்தமானவர், யாரையும் பகைக்காதவர் என்று எனக்கு முன் பேசியவர்கள் அடுக்கியிருந்தார்கள். அவர் விட்டுப்போன கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

"நல்ல மனுஷர். அடுத்த வரியையும் சொல்றேன்" என்று தொடங்கினேன்.