ஒரே நிரலில் இரண்டு பங்காளிகள்

சேமிக்கும் பொத்தானை அழுத்துமுன் பிரகதாம்பாள் மின்விசிறியை நிறுத்திவிடுவாள். அரிமளத்து வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வேர்த்து ஒழுக உட்கார்ந்துதான் அழுத்துவாள். கேட்டால், “கை நடுங்குறது காத்துலயா பயத்துலயான்னு தெரியணும்ல டீச்சர்?” என்பாள்.

இணையதளம் அமைப்பது அவள் தொழில். விதைக்கடை, கல்யாண மண்டபம், போர்வெல் கம்பெனி என்று ஒவ்வொருவருக்கும் தனி முகவரி. பின்னால் ஓடும் கணினி நிரலோ எல்லாருக்கும் ஒன்றே. எந்த முகவரியைத் தட்டினால் யார் கடை திறக்கவேண்டும் என்று அதன் அமைப்புக் கோப்பில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறாள். “வீடு ஒண்ணுதான், வாசல்தான் வேற வேற. வாசல் மாறுச்சு, நான் செத்தேன்.”

சும்மா சொல்லவில்லை. போர்வெல் கண்ணுசாமியும் போர்வெல் நல்லதம்பியும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. லாரியைப் பங்கு பிரித்ததில் மண்டை உடைந்து, முகம் பார்ப்பதையே விட்டவர்கள். இருவருக்கும் போர்டு எழுதிய பெயிண்டர், குட்டு வெளிப்பட்டதும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் காரைக்குடி தாண்டித்தான் நின்றார். ஏணியை வேண்டுமானால் நான் சேர்த்திருப்பேன், ஓட்டம் நிஜம். அந்த இருவருக்கும், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்கு, இவள்தான் தளம் நடத்துகிறாள். லாரி ஹாரன் கேட்டால் அவள் பேச்சு பாதியில் நின்றுவிடும்.

போன வெள்ளிக்கிழமை தம்பியின் புதுத் தளத்துக்குத் திறப்புவிழா. கோப்பில் மூத்தவரைத்தான் எல்லாருக்கும் மேலே போட்டிருந்தாள். கல்யாணப் பத்திரிகையில் போடுகிற அதே மரியாதை. நிரலுக்கோ ஒரு குணம் உண்டு. தனக்குத் தெரியாத முகவரி வந்தால், முதலில் நிற்பவரைக் காட்டிவிடும். தம்பியின் முகவரியை, முன்னால் மூன்று டபிள்யூ இல்லாமல் மட்டுமே எழுதியிருந்தாள்; டபிள்யூ சேர்ந்தால் நிரலுக்கு அது தெரியாத முகவரி.

நல்லதம்பி பழைய ஆள். உறவுக்காரர்கள் சூழ, சூடம் கொளுத்தி, மூன்று டபிள்யூவையும் நிதானமாகத் தட்டினார். திரையில் கும்பிட்டபடி அண்ணன் சிரித்தார்.

நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். போன் அலறியது.

“ஏத்தா, என்னத்தா இது? எங்கண்ணன் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறான்!”

“நெட்டுக் கோளாறுங்கண்ணே. ஒரு நிமிசம்.”

விடுபட்ட வரியைச் சேர்ப்பதற்குள் அவள் விரல்கள் நாலு எழுத்தைத் தப்பாக அடித்து அழித்தன.

“இப்பத் தட்டுங்கண்ணே.”

“ம்... இப்பப் படத்துல நாந்தேன் வாரேன்.”

போனில் அவருக்குப் பின்னால் யாரோ, “பெரியவருதான் மாமா படத்துல எடுப்பா இருக்காரு!” என்று சீண்டினார்கள். கூட்டம் சிரித்தது. நல்லதம்பி சிரிக்கவில்லை.

“ஆமா, அவன் படம் ஒங்கிட்ட எப்புடித்தா வந்துச்சு?”

இவள் அவசரமாகத் திரையிலிருந்த கோப்பை மூடினாள்.

“ஆபீசுலதான இருக்க? இரு, அங்கிட்டுத்தான் வாரேன்.”

“வாங்கண்ணே, வாங்க, டீ சாப்புடலாம்” என்று குரலைக் குழைத்துச் சொல்லிக்கொண்டே எழுந்துபோய், பட்டப்பகலில், கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள்.